அலிகேட்ஸ்: ஒரு ரோஜா, ஒரு கவிதை

1960களின் பிற்பகுதியில், ஒருகாலத்தில் கெடா சுல்தானகத்துக்கு உரியதாயிருந்து 1786இல் பிரிட்டிஷார் வசமான, இன்றைய மலேசியாவின் பினாங்குத் தீவில் இளைஞர் இசைக்குழு ஒன்று உருவாயிற்று. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்களை முகமாகக் கொண்ட அக்குழு, ‘சந்துப் பூனைகள்’ எனப் பொருள்படும் ‘அலிகேட்ஸ்’ என்னும் பெயரை ஏற்று, 1970களில் ஹாங்காங் மேடைகளிலும் பாடித் திரும்பிய பின், மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் அறியப்பட்டது.

சிங்கப்பூரில் பிறந்த இசையமைப்பாளர் எம். நாசிர் இசையமைத்த ‘செக்குந்தும் மாவார் மேரா, செபுவா புயிசி’ அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. மலாய் மொழியில் ஆட்களை எண்ண ‘ஓராங்’, விலங்குகளை எண்ண ‘ஏக்கோர்’ என வருவதுபோல, மலரை எண்ணுகையில் ‘குந்தும்’ என்னும் சொல் எண்ணோடு ஒட்டிவருவதால், தலைப்பின் பொருள் ‘ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை’ என்றாகிறது. தமிழில் பெயர்த்தால் அந்தக் ‘குந்தும்’ உதிர்ந்துவிடுகிறது. கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் திரைப்பாடல் கேட்டு வளர்ந்த செவிக்கும் அந்நியமாகாத மெல்லிசை அது. சகோதரர்களின் பந்துபோல் சுருண்டு நின்ற தலைமுடியும் பாடலுக்கு இணையாகவே நினைவுகூரப்படுகிறது. லோகநாதன் 2007 ஜூன் மாதத்தில் நுரையீரல் புற்றுநோயால் மறைந்த பின்னும், டேவிட் அப்பெயரிலேயே தொடர்ந்து மேடையேறினார்.