பட்டறைக்கு வரும் பெரிய இயந்திரம்



பால்மரம் என்றால் நமக்குப் பால்தான் நினைவுக்கு வரும். 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் கன்றுகளாக நடப்பட்ட அந்த மரம் பேராக் மாநிலமெங்கும் பரவியது. நம் பாட்டன்மார் அதன் பட்டையைச் சீவியே வாழ்ந்தார்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி விறகாக எரித்துவிடுவது அந்நாள் வழக்கம். பிற்காலத்தில் அந்த மரமே நாற்காலியாகவும் மேசையாகவும் கப்பல் ஏறத் தொடங்கியது. வெட்டியவுடன் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தினால் பூஞ்சணமும் வண்டும் அண்டாமல் அது நல்ல தளவாட மரமாகிறது.

தோட்டப்புறத்து இளைஞர் சிலர் தச்சுத் தொழில் கற்று, சொந்தப் பட்டறை வைக்க விரும்புகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் இழைப்பு இயந்திரமும் நாடா ரம்பமும் காம்பார் கடைத்தெருவில் கிடைப்பவை அல்ல. தளவாடத் தொழிலுக்குப் பேர்போன ஜொகூர் மாநிலத்து மூவாரிலிருந்து பழைய இயந்திரமாக வரலாம். தைவானிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கப்பலிலும் வரலாம். அப்பாவுக்கு 55 வயதில் கிடைத்த சேமநிதிப் பணம் அதில் முடங்கியிருக்கும். விலை பேசும்போது காட்டுகிற கவனத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில் காட்டாவிட்டால், அந்தப் பணம் பாதி வழியிலேயே நொறுங்கிப் போகக்கூடும். ஆகவே கனமான இயந்திரத்தைத் தொலைதூரத்திலிருந்து எப்படிக் கொண்டுவருவது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரம் டி.டி.5 என்னும் ஈயக்கப்பலைப் பார்த்திருப்பீர்கள். 1938-இல் கட்டப்பட்டு, 1982 வரை ஈயம் வாரியது. எடை ஏறத்தாழ 4,500 டன். அவ்வளவு பெரிய பொருளை எந்த லோரியால் இழுக்க முடியும்? அது முழு உருவில் சாலை வழியே வரவில்லை. பகுதி பகுதியாக வந்து, வேலை செய்யும் இடத்திலேயே பூட்டப்பட்டது. கழற்றக்கூடியதைக் கழற்றிக் கொண்டுவருவதே கனமான பொருளுக்கு ஏற்ற வழி. ஒரு டன் இழைப்பு இயந்திரத்துக்கும் இது பொருந்தும்.

இதனால் செலவும் குறையும். கொள்கலனில் பிறர் சரக்கோடு சேர்ந்து நம் பெட்டியும் வரும்போது, கப்பல் கட்டணம் எடையை மட்டும் பார்த்துப் போடப்படுவதில்லை. ஒரு கன மீட்டரை ஒரு டன்னுக்குச் சமமாக வைத்து, எடை, கன அளவு இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் கேட்பார்கள். பெட்டி 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் என்றால் 5.4 கன மீட்டர். இயந்திரம் ஒரே டன்தான் என்றாலும் கட்டணம் 5.4-க்கு. நீட்டிக்கொண்டிருக்கும் மேசைப் பலகைகளைக் கழற்றி நீளத்தை 1.4 மீட்டராகக் குறைத்தால், கணக்கு 3.78 கன மீட்டருக்கு இறங்கிவிடும். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் எண் எழுதி, படம் எடுத்து, மரைகளைத் தனித்தனிப் பையில் கட்டி வைக்க வேண்டும். இல்லையேல் பூட்டும் நாளில் திண்டாட்டந்தான்.

வாங்குமுன் விற்பவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எடை எவ்வளவு? நீளம், அகலம், உயரம் எவ்வளவு? எந்த இடத்தில் கயிறு மாட்டித் தூக்கவேண்டும்? எந்த மின்சாரத்தில் ஓடும்? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, தைவானில் 60. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60. அறுபதுக்குச் செய்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றவேண்டிய கத்தி உருளை 5,000 சுற்றே சுற்றும். மரம் வழவழப்பாக வராது. மின்னழுத்தமும் வேறாக இருந்தால் மோட்டாரே கருகிவிடலாம். பட்டறைக்கு மூன்று கட்ட மின்சாரம் கிடைக்குமா என்பதையும் முன்னதாகவே உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது கட்டுமானம். இயந்திரத்தைக் கனத்த மரச்சட்டத்தின்மேல் வைத்து, அடிப்பாகத்தைத் தாங்கும் மரைகளால் இறுக்கவேண்டும். கயிறு மட்டும் போதாது. நாடா ரம்பத்துக்குப் பாரம் மேலே இருப்பதால் அது சுலபமாகக் கவிழும். அடிச்சட்டம் அகலமாக இருக்கவேண்டும். இழைப்பு இயந்திரத்தை மேசையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. மேசை கோணிவிட்டால் பிறகு ஒரு பலகைகூட நேராக வராது. பளபளப்பான இரும்புப் பரப்புக்கெல்லாம் கிரீஸ் பூசுங்கள். கடல் காற்றில் சில நாட்களில் துரு ஏறிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் மரப்பெட்டியில் சூடேற்றிப் பதப்படுத்தியதற்கான முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். மரத்தின் உட்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது உலக விதி. பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. இயந்திரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில் பொறுப்பும் மாறுகிறது. விற்பவர், லோரிக்காரர், கப்பல், துறைமுகம், மறுபடியும் லோரி, பிறகு நாம். இடையில் எங்கே உடைந்தாலும், 'என்னிடம் வந்தபோதே இப்படித்தான் இருந்தது' என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட முடியும். ஆகவே எந்த இடத்தில் பொறுப்பு மாறுகிறது என்பதைப் பணம் கொடுக்குமுன் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும்.

வணிகர்கள் இதற்குச் சில சொற்கள் வைத்திருக்கிறார்கள். 'எக்ஸ்-வொர்க்ஸ்' என்றால் விற்பவரின் பட்டறை வாசலிலேயே பொறுப்பு நமக்கு வந்துவிடும். லோரியில் ஏற்றும்போது விழுந்தாலும் நட்டம் நமதே. 'எப்.ஓ.பி.' என்றால் ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் பொறுப்பு. 'சி.ஐ.எப்.' என்பதில் கப்பல் கட்டணத்தையும் காப்புறுதியையும் விற்பவரே கட்டுவார். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் அதிலும் கப்பலில் ஏறியவுடன் நட்டப்பொறுப்பு நம்முடையதாகிவிடுகிறது. அவர் எடுக்கும் காப்புறுதியும் குறைந்த அளவுள்ள 'சி' பிரிவாக இருந்தால் போதும் என்பதே விதி. கப்பல் மூழ்குதல், தீ, லோரி கவிழ்தல் போன்றவற்றை 'சி' பிரிவு ஏற்கும். இறக்கும்போது பெட்டி கைநழுவி விழுந்தால் ஏற்காது. 'ஏ' பிரிவு விரிவானது. ஆயினும் கட்டுமானம் போதாததால் வந்த சேதத்தை அதுவும் ஏற்பதில்லை. பழைய இயந்திரமானால் துரு, கீறல் போன்றவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். கையெழுத்திடுமுன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குக் கே-1 என்னும் சுங்கப் பாரம் நிரப்பவேண்டும். உரிமம் பெற்ற சுங்க முகவர் அதைச் செய்து தருவார். தாள்கள் தாமதமானால் கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும். கப்பல் வருமுன்பே அவற்றை முகவரிடம் கொடுத்துவிடுவது சிக்கனம்.

அங்கிருந்து காம்பாருக்கு லோரிதான். 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்து, தாப்பாவில் இறங்கிப் பழைய முதலாம் எண் சாலையைப் பிடித்தால் காம்பார். லோரியைப் பேசும்போது அதன் உரிமத்தைக் கேளுங்கள். 'ஏ' உரிமம் உள்ள லோரி பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றலாம். 'சி' உரிமம் தன் சொந்தச் சரக்குக்கு மட்டுமே. கூலி குறைவு என்று தெரிந்தவரின் 'சி' உரிம லோரியில் ஏற்றினால் அது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணமும் சிக்கலாகிவிடும்.

நூறு மைல் நலமாக வந்த இயந்திரம் கடைசி அரை மைலில் மாட்டிக்கொள்வது உண்டு. தோட்டத்துச் செம்மண் சாலை, ஒடுங்கிய பாலம், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, மழையில் இளகிய மண் எல்லாவற்றையும் முந்திய நாளே நடந்து பாருங்கள். தூக்குக்கை பொருத்திய ஹையாப் லோரி கால் ஊன்றுவதற்குக் கெட்டியான தரை வேண்டும். பட்டறைக் கதவின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துவிடுங்கள். தூக்கும்போது வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். பிள்ளைகளைக் கண்டிப்பாகத் தள்ளி நிறுத்துங்கள். தொங்கும் பாரத்தின் கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. சாயும் இயந்திரத்தைக் கையால் தாங்க முயலவும் கூடாது. உடைந்த இரும்பை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க முடியாது.

இயந்திரம் இறங்கியதும், கையெழுத்துப் போடுமுன் சுற்றிப் பாருங்கள். பெட்டி உடைந்திருந்தால் படம் எடுத்து, லோரிக்காரரின் தாளிலேயே சேதத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். உள்ளே மறைந்திருந்த சேதம் பிறகு தெரிந்தால் காலம் கடத்தாமல் எழுத்தில் அறிவிக்கவேண்டும். கப்பல் சரக்குக்கு மூன்று நாட்களுக்குள் அறிவிப்பது விதி. வாங்கிய ரசீது முதல் லோரித் தாள் வரை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

படிப்புக் குறைவு என்று இந்தத் தாள்களைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளையை உடன் வைத்து, ஒவ்வொரு தாளையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத வரி இருந்தால், புரியும்வரை கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள். உழைத்துச் சேர்த்த பணம் பட்டறையில் நல்லபடியாக ஓடட்டும்.