ஹைட்டான பைக்... ஒரு கால் எட்டினாலே போதும்!

உயரம் கம்மியானவங்க ஹைட்டான பைக் ஓட்டினா, பல்லாவரம் - குன்றத்தூர் சாலையில் பம்மல் டிராஃபிக்கில் நிற்கும்போது ஒரே பயம்தான்... ‘கால் எட்டாம சாஞ்சிடுவோமோ?’

2023-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ன் சீட் உயரம் 825 மி.மீ; எடை 196 கிலோ. ஆனால், ரெண்டு காலையும் முழுசா ஊன்றணும்னு அவசியமே இல்லை. நிறுத்தும்போது ஹேண்டில்பார் நேரா இருக்கட்டும். வலது கால் பின் பிரேக்கில். இடுப்பை லேசா இடப்பக்கம் நகர்த்தினா இடது கால் நல்லா எட்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். மழைத்தண்ணி வடிய, சாலைகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். இடது ஓரமா நிறுத்தினா, கால் வைக்கிற இடம் இன்னும் பள்ளம்! அதனால, நிற்கப்போற இடத்தை முன்கூட்டியே பார்த்து, சமதளத்தில் நிறுத்துங்க.

அப்பவும் எட்டலையா? முதலில் லோ சீட் மாத்திப் பாருங்க. சஸ்பென்ஷனைத் தாழ்த்துவது கடைசி வழி. அப்படிச் செஞ்சா கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையும். சைடு ஸ்டாண்டும் சரியா நிற்காது.

முக்கியமா, பைக் ரொம்ப சாஞ்சிட்டா காலால் தாங்கப் பார்க்காதீங்க, விட்டுட்டு விலகிடுங்க. கீறல் விழுந்தா பெயின்ட் அடிச்சுக்கலாம். கால் முறிஞ்சா மாசக்கணக்கில் படுக்கணும்!