கறுப்புக் குழாயின் ஆயுளைச் சொல்லும் சூடு

தெருவோரம் பள்ளம் தோண்டிப் புதைக்கப்படும் கறுப்புக் குடிநீர்க் குழாய், அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீனால் ஆனது. ஐம்பது ஆண்டுகள் உழைக்கும் என்ற கணக்கில்தான் அது மண்ணுக்குள் போகிறது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து செய்த குழாயும் அதே கறுப்பு, அதே வழவழப்பு. தடவிப் பார்த்து வேறுபாடு சொல்ல அனுபவசாலியாலும் முடியாது.

சூடாக்கினால் தெரிந்துவிடும்.

ஒரு பொருளின் வெப்பநிலையைச் சீராக ஏற்றிக்கொண்டே போய், அது எங்கே இளகுகிறது, எங்கே உருகுகிறது, எங்கே எடை இழக்கிறது என்று அளப்பதற்கு வெப்பப் பகுப்பாய்வு என்று பெயர். 1887-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாட்லியே களிமண் வகைகளை இப்படிச் சூடாக்கி இனம் பிரித்தார். 1915-இல் ஜப்பானின் கோதாரோ ஹோண்டா உலையையும் தராசையும் இணைத்து, சூடேறும்போதே எடையை அளக்க வழி செய்தார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தில் வாட்சனும் ஓ'நீலும் உருவாக்கிய, பொருள் உறிஞ்சும் அல்லது உமிழும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவிதான் பிளாஸ்டிக் ஆய்வகங்களில் இன்று அன்றாடம் ஓடுவது.

அதற்குக் குழாயிலிருந்து சீவியெடுத்த ஐந்து பத்து மில்லிகிராம் துணுக்கே போதும். துணுக்கை ஒரு சின்ன அலுமினியக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். பக்கத்தில் வெறுங்கிண்ணம் ஒன்று. இரண்டையும் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாக்கும்போது, உருகும் துணுக்கு கூடுதல் வெப்பத்தை உறிஞ்சும். அது வரைபடத்தில் மேடாக எழும். இந்தக் குழாய்க்குரிய பாலிஎத்திலீனுக்கு 130 டிகிரி செல்சியஸ் அருகே ஒரே மேடு வர வேண்டும். 160-ஐ ஒட்டி இன்னொன்று தலைகாட்டினால் பாலிபுரொப்பிலீன் கலந்திருக்கிறது; பழைய மூடிகளும் டப்பாக்களும் உள்ளே போயிருக்கலாம். கருவியையே நம்பலாமா என்று பார்க்க, 156.6 டிகிரியில் உருகும் இண்டியம் உலோகத்தை வைத்து அவ்வப்போது சரிபார்க்கிறார்கள்.

எடை பார்க்கும் சோதனை வேறு கேள்விக்குப் பதில் தருகிறது. வெயிலிலிருந்து காக்க இக்குழாயில் இரண்டு, இரண்டரை சதவீதம் அளவுக்குக் கரித்தூள் சேர்ப்பார்கள். நைட்ரஜனில் சூடாக்கினால் பிளாஸ்டிக் சிதைந்து வாயுவாகப் போய்விடும். பிறகு ஆக்சிஜனைத் திறந்தால் கரி எரியும். அப்போது குறையும் எடைதான் கரியின் அளவு. விலையைக் குறைக்கச் சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்த்திருந்தால் அதுவும் தப்பாது: 700 டிகிரி வாக்கில் கார்பன் டை ஆக்சைடை விட்டு எடை இழக்கும், மிச்சம் கிண்ணத்தில் தங்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஆக்சிஜன் தாங்கும் நேரம். பாலிஎத்திலீன் காற்றில் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து நொறுங்கும் தன்மையுடையது. குழாய்க்குள் ஓடும் குளோரின் கலந்த நீரும் அதைத் தாக்குகிறது. அதைத் தடுக்கவே காப்பு வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அதே டி.எஸ்.சி. கருவியில் துணுக்கை நைட்ரஜனில் 200 டிகிரிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சட்டென்று ஆக்சிஜனுக்கு மாற்றி, கடிகாரத்தை ஓட விடுகிறார்கள். காப்புப் பொருள் இருக்கும்வரை கோடு அசையாது. அது தீர்ந்த கணத்தில் பிளாஸ்டிக் வெப்பத்தை உமிழத் தொடங்கும், கோடு எகிறும். குடிநீர்க் குழாய்க்கான சர்வதேசத் தரம் குறைந்தது 20 நிமிடம் கேட்கிறது. ஏற்கெனவே வெயிலிலும் மழையிலும் கிடந்த பிளாஸ்டிக்கில் இந்தக் காப்பு பெரும்பாலும் கரைந்திருக்கும். ஆனால் புதிதாகக் காப்புப் பொருளைத் தூவி இந்த ஒரு சோதனையை மட்டும் தாண்டிவிட வாய்ப்புண்டு. ஆகவே மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும்.

1968-இல் தொடங்கப்பட்டு, சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம், பிளாஸ்டிக் சோதனைக்கென்றே இயங்கும் ஆய்வகங்களை நடத்துகிறது. ஊருக்குக் குழாய் வந்து இறங்கும்போது, ஊராட்சியும் மக்களும் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். எப்போதோ அனுப்பிய மாதிரிக்கான அறிக்கை போதாது. லாரியில் வந்திறங்கிய அதே குழாயிலிருந்து வெட்டியெடுத்த துண்டுக்கான அறிக்கை வேண்டும், அதுவும் பள்ளத்தை மூடுவதற்கு முன்பே.