கடலடியிலிருந்து மீண்ட கர்டர்கள்

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழைவெள்ளம், டிசம்பர் 2 ஆம் நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் அபாய அளவைத் தாண்டவே, தென்மாவட்ட ரயில்கள் ஆங்காங்கே நின்றுபோயின. ஒரு பாலத்தின் தயவில் எத்தனை ஆயிரம் ஜனங்களின் பிரயாணம் நடக்கிறது என்பதை விழுப்புரம் வட்டாரத்தார் அன்று பிரத்தியட்சமாகக் கண்டார்கள். இதே இருப்புப்பாதையில்தான் ஒரு காலத்தில் எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில் ரயில் திண்டிவனம், விக்கிரவாண்டி வழியாகத் தனுஷ்கோடிக்குச் சென்றது; அங்குள்ள துறைமேடையில் கப்பலேறியவர்கள் தலைமன்னாரில் இறங்கி இலங்கை ரயிலைப் பிடித்தார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல், தனுஷ்கோடியின் துறைமேடையையும் ஊரையும், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் அதிலிருந்த பிரயாணிகளையும் கடலுக்கு இரையாக்கியது. ராமேசுவரம் தீவைப் பெருநிலத்தோடு இணைக்க 1914 இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் கர்டர்கள் எனும் இரும்பு உத்திரங்களில் 126 அலைகளால் பெயர்க்கப்பட்டுக் கடலில் விழுந்தன. தூண்களும், கப்பல்களுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப்பாலமும் நிலைத்து நின்றன.

ராமேசுவரம் இருப்புப்பாதைத் தொடர்பை இழந்தது. பாலத்தைச் செப்பனிட ரயில்வே வாரியம் ஆறு மாதம் விதித்தது. தெற்கு ரயில்வே அதை மூன்றாகச் சுருக்கியது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், புதிய கர்டர்களைச் செய்து கொண்டுவரக் காத்திருப்பதைவிட, விழுந்தவற்றையே தேடி எடுப்பது உசிதம் என்று தீர்மானித்தார். அவை கடலடியில் கிடக்கும் இடங்களை அறிந்திருந்தவர்கள் அக்கடலிலேயே ஜீவனம் நடத்திய மீனவர்கள். நாற்பது அடி நீளமுள்ள இரும்பை நீருக்கடியிலிருந்து கிளப்புவதும், நீரோட்டம் இழுக்கும் கால்வாயில் தூணுக்கு நேராக அதைக் கொண்டுவருவதும், அங்குலம் பிசகாமல் தூணின் தலையில் அமர்த்துவதும் யந்திரத்தால் மட்டும் ஆகிற காரியமல்ல. வடம் எந்தக் கணத்தில் இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதைக் கைகளாலேயே உணர்ந்த, பாரம் தூக்கும் தொழிலாளர்களான கலாசிகளின் அனுபவமே அங்கு சாஸ்திரமாக நின்றது. 46 நாட்களில் பாலம் முழுமை பெற்றது.

தனுஷ்கோடிப் பாதையோ மறுபடி போடப்படவேயில்லை; இலங்கைக் கப்பல் பின்னர் ராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டுவிட்டது, பழையது ஓய்வு பெற்றுவிட்டது. ஸ்ரீதரனின் பெயரை நாடு அறியும், அது நியாயமே. ஆனால் மூழ்கித் தேடியவர்களும் வடம் பிடித்தவர்களும் பெயரற்றுப் போனது நமக்குப் பெருமை தருவதன்று. கடல் கண்ட அந்தப் பழைய கர்டர்களில் ஒன்றையேனும் பாம்பன் கரையில் நிறுத்தி, மீனவர்களின், கலாசிகளின் உழைப்பை அதில் பொறித்துவைக்கும்படி ரயில்வே அதிகாரிகளை வேண்டுகிறேன்.