மூணு கண்ணாடி, கொஞ்சம் பிசிறு... ஒரு கலைடாஸ்கோப்!

திருப்பூர் - காங்கயம் சாலையில் இருக்கிறது நல்லூர். முன்பு தனி நகராட்சி. இப்போது திருப்பூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளும் ஆளுக்கொரு செல்போனில் கரைந்துவிடாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். திருவிழாக் கடையில் தாத்தா, பாட்டி கண்ணை வைத்துப் பார்த்த அதே கலைடாஸ்கோப்பை வீட்டிலேயே செய்துவிடலாம்.

தேவையானவை

15 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் மூன்று கண்ணாடிப் பட்டைகள் (முகம் பார்க்கும் கண்ணாடி விற்கும் கடையில் வெட்டித் தருவார்கள்), தடித்த அட்டை, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், பட்டர் பேப்பர், செலோ டேப். உள்ளே போடுவதற்கு ஜமிக்கி, கண்ணாடி மணி, நிறமுள்ள ஒளி ஊடுருவும் பட்டன், வண்ண நூல் பிசிறு.

கண்ணாடியின் ஓரங்கள் கையைக் கிழிக்கும். அவற்றின்மேல் டேப் ஒட்டும் வேலையைப் பெரியவர்களே செய்யட்டும். சின்னக் குழந்தைகள் உள்ள வீடு என்றால் கண்ணாடிக்குப் பதில், கண்ணாடிபோலப் பளபளக்கும் பிளாஸ்டிக் ஷீட் போதும். பிம்பம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

செய்முறை

மூன்று பட்டைகளையும் பளபளக்கும் பக்கம் உள்ளே பார்க்கும்படி முக்கோணமாக நிறுத்தி, வெளியே டேப் சுற்றுங்கள். அதன்மேல் அட்டையைச் சுற்றி 17 செ.மீ. நீளக் குழாயாக ஒட்டுங்கள். ஒரு முனையைக் கறுப்பு அட்டையால் மூடி, நடுவில் கண் வைக்க ஒரு துளை போடுங்கள். கண்ணாடிகள் அந்த முனையை ஒட்டி நிற்கட்டும்.

மறுமுனையில், கண்ணாடிகள் முடியும் இடத்தில் வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டுங்கள். மீதமுள்ள இடத்தில் மணி, ஜமிக்கிகளைப் போடுங்கள். பாதி இடத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. உருள இடம் வேண்டும். கடைசியாகப் பட்டர் பேப்பரால் மூடிவிட்டால் வேலை முடிந்தது. வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து வருவதால், ஒளி புகாத பட்டனும் துணித் துண்டும் கறுப்பாகத்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் பிடிக்கக் கூடாது.

பூ எங்கிருந்து வருகிறது?

இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். இரண்டு கண்ணாடிகளைப் புத்தகம்போல் டேப்பால் இணைத்து, நடுவில் ஒரு பட்டனை வையுங்கள். 90 டிகிரி விரித்தால் நான்கு பட்டன் தெரியும். 60 டிகிரிக்கு ஆறு, 45 டிகிரிக்கு எட்டு. 360-ஐக் கோணத்தால் வகுத்தால் கணக்கு சரியாக வரும். முக்கோணக் குழாயில் ஒவ்வொரு மூலையும் 60 டிகிரி என்பதால், மூலைக்கு மூலை ஆறு இதழ்கள்! மூன்று கண்ணாடிகளும் ஒன்றையொன்று பிரதிபலிப்பதால், அந்த டிசைன் பார்வை முழுக்கப் பரவுகிறது. டி-ஷர்ட் முழுக்க ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும் 'ஆல்ஓவர் பிரின்ட்' மாதிரி.

இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. கலைடாஸ்கோப்பை 1816-ல் கண்டறிந்தவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர். தரைவிரிப்பு போன்றவற்றுக்கு அலங்கார வடிவங்கள் வரைபவர்களுக்கு இது உதவும் என்று 1819-ல் வெளியான தன் நூலில் அவரே விளக்கினார். 1817-ல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால், அதற்குள் அமைப்பு வெளியே கசிந்து, ஆளாளுக்குச் செய்து விற்கத் தொடங்கினார்கள். லண்டனிலும் பாரிஸிலும் மூன்றே மாதங்களில் 2 லட்சம் விற்றதாக அவர் எழுதியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த லாபமோ சொற்பம். சாம்பிளைப் பார்த்துக் காப்பியடிக்கும் சங்கடம் அன்றே இருந்திருக்கிறது!

அவருக்கு நஷ்டமான அந்த எளிமைதான் நமக்கு லாபம். கான்பூர் ஐ.ஐ.டி-யில் படித்த அரவிந்த் குப்தா, குப்பையில் போகும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விலை உயர்ந்த பொருள் இல்லாமலும் அறிவியல் வரும் என்பதற்கு அவருடைய பொம்மைகளே சாட்சி.

செய்து முடித்ததும் பூவின் ஓர் இதழ் மட்டும் கோணலாகத் தெரியலாம். உடனே வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். டேப்பைப் பிரித்து, கண்ணாடியை நகர்த்தி, பிள்ளைகளே பார்க்கட்டும். எந்த ஜமிக்கி போட்டாலும் பூ வரும்; கோணம் சரியாக இருந்தால் மட்டும்தான் வரும். அதை அவர்கள் கையாலேயே தெரிந்துகொண்டால், கணக்குப் புத்தகத்தில் '60 டிகிரி' என்று வரும்போது பயம் வராது.