வார்ப்பில் விரிசல் விட்டால்?

புத்தூர் நால்ரோட்டில் டீ குடிக்கும்போது நண்பர் கேட்டார்: "மும்பை மச்சான் டெஸ்லா மாடல் ஒய் வாங்கப் போறாராம். பின்னாடி அடிச்சட்டம் ஒரே வார்ப்புங்கறாங்க. விரிசல் விட்டா ஆபத்தா?"

நியாயமான பயம்தான். 2025 ஜூலையில் இங்கே விற்பனைக்கு வந்த வண்டி, அப்போது விலை சுமார் 60 லட்சத்தில் தொடங்கியது. பழைய முறையில் 70 துண்டு சேர்த்துச் செய்வதை, உருகிய அலுமினியத்தை அச்சுக்குள் அழுத்திப் பாய்ச்சி ஒரே துண்டாக எடுக்கிறார்கள்.

தெரியும் கோடெல்லாம் விரிசல் இல்லை. உலோகம் பாய்ந்த தடமும் அப்படித்தான் தெரியும். திருச்சி பெல் பக்கம் வெல்டிங் ஆட்களுக்குப் பழகிய டை பெனட்ரன்ட் சோதனை இதற்கு உதவும். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் சிவப்புக் கோடாக வெளியே கசியும்.

நிஜ விரிசல்னா, எந்த இடம் என்பதுதான் முக்கியம். சஸ்பென்ஷன் மாட்டும் இடம் என்றால் வண்டியை எடுக்கவே கூடாது. அங்கே ஒவ்வொரு பள்ளமும் விரிசலை இன்னும் கொஞ்சம் நீட்டும். தெருமுனைப் பட்டறையில் வெல்டு வைப்பதும் வேண்டாம். வார்ப்பில் சிக்கிய வாயு, சூடு பட்டதும் குமிழியாகப் பொங்கி ஒட்டை ஓட்டையாக்கிவிடும்.

"அப்ப வாங்கலாமா?"

"வாங்கச் சொல்லுங்க. பின்னாடி பலமா இடி வாங்கினா மட்டும், பம்பரை மாத்திட்டு விட்டுடாம, லிஃப்டில் ஏத்தி அடியைப் பாக்கச் சொல்லுங்க."