துப்பாக்கியில் டார்ச்: எங்கே மாட்டுவது?

ரைஃபிளை நான் கையில் எடுத்ததே இல்லை. இருபது வருஷமா மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு தனித்தனிப் பொருள்கள் ஒன்றோடு ஒன்று எப்படிச் சரியாகப் பொருந்துகின்றன என்பதில் எனக்குத் தீராத ஆர்வம். அமெரிக்காவில் போலீஸும் ராணுவமும் ரைஃபிளில் மாட்டும் டார்ச்சைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான். சின்ன விஷயம் என்று நினைத்தேன். இல்லை.

முதலில், எதன்மேல் மாட்டுவது? 1995-இல் அமெரிக்க ராணுவம் மில்-ஸ்டாண்டர்ட்-1913 என்ற தரத்தை வெளியிட்டது. நியூ ஜெர்ஸியில் இருக்கும் பிகாட்டின்னி ஆயுதசாலையின் பெயரால் இதை 'பிகாட்டின்னி ரெயில்' என்பார்கள். பல் பல்லாக வெட்டிய ஓர் உலோகத் தண்டவாளம். ஒவ்வொரு பள்ளமும் சுமார் 5.2 மி.மீ. அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் சுமார் 10 மி.மீ. தூரம். டார்ச்சின் குறுக்குக்கட்டை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால், சுடும்போது வரும் அதிர்ச்சியில் முன்னும் பின்னும் நகராது. அளவு ஒன்றே என்பதால் எந்தக் கம்பெனி டார்ச்சும் எந்தக் கம்பெனி ரைஃபிளிலும் உட்காரும். நம்ம பாஷையில் சொன்னால் நல்ல ஏபிஐ.

ஆனால் நாலு பக்கமும் ரெயில் வைத்தால் கனம், கையையும் கிழிக்கும். அதனால் வெறும் துளைகளோடு வந்தவை கீமாட், பிறகு 2014-இல் மேக்புல் கொண்டுவந்த எம்-லாக். எம்-லாக்கில் ஒரு சின்ன நட்டு துளைக்குள் போய், 90 பாகை திரும்பி, உள்பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கக் கடற்படையின் கிரேன் ஆய்வுமையம் இரண்டையும் சோதித்தபோது எம்-லாக்தான் முந்தியது.

சரி, எங்கே மாட்டுவது? இங்கேதான் ஒன்றுக்கொன்று இழுபறி.

முதல் சிக்கல் நிழல். டார்ச் பின்னால் இருந்தால் குழலே வெளிச்சத்தில் ஒரு பகுதியை மறைக்கும். வலப்பக்கம் மாட்டினால் இடப்பக்கம் நிழல். அடியில் மாட்டினால் மேலே நிழல், அதாவது எதிரில் நிற்பவரின் முகம் இருக்கக்கூடிய இடத்தில். சப்ரஸர் மாட்டிக் குழல் நீண்டால் நிழலும் பெருக்கும்.

அப்படியானால் முன்னால் தள்ளிவிடலாமே? தள்ளலாம், ஆனால் இரண்டு விலை கொடுக்கணும். குழல்வாயை ஒட்டி வைத்தால் ஒவ்வொரு சுடுதலிலும் கரி கண்ணாடியில் படியும், வெளிச்சம் மங்கும். இன்னொன்று கனம். சுழற்றுவதற்கான எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். தோளிலிருந்து 50 செ.மீ.யில் இருக்கும் டார்ச்சை 70 செ.மீ.க்கு நகர்த்தினால், அதே டார்ச் திருப்புவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனமாகத் தெரியும்.

மேலே உச்சியில் வைத்தால் நிழல் தரையில் விழும், தொல்லை இல்லை. ஆனால் குறிபார்க்கும் இடத்தை மறைக்கும். அதனால் பலர் கடிகார முள் கணக்கில் பத்தரை, பதினொன்று இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வலக்கைக்காரர் இடக்கையால் ரைஃபிளைத் தாங்கும்போது கட்டைவிரல் தானாகவே அங்கே போய் நிற்கும். பிடியை மாற்றாமல் ஸ்விட்சை அழுத்தலாம்.

டார்ச் வாங்கும்போது லூமன் எண்ணை மட்டும் பார்க்கக்கூடாது. லூமன் மொத்த வெளிச்சம். கேண்டெலா அது ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்பது. 20,000 கேண்டெலா டார்ச் 50 மீட்டரில் 8 லக்ஸ் தரும், 100 மீட்டரில் வெறும் 2 லக்ஸ். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. வீட்டுக்குள் கதை தலைகீழ்: அதிகம் குவிந்த ஒளி வெள்ளைச் சுவரில் பட்டு, பிடித்தவர் கண்ணையே கூசவைக்கும்.

ஸ்விட்ச் எங்கே இருக்கணும் என்பது வெறும் வசதி சம்பந்தப்பட்டது இல்லை. கைத்துப்பாக்கிகளில் இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகியிருக்கிறது. சிலவற்றில் டார்ச் ஸ்விட்ச் விசைக்குக் கீழே, பிடியின் முன்பக்கம் இருக்கும். இரண்டும் ஒரே கையின் விரல்கள். பதற்றத்தில் ஒன்றை அழுத்தப்போய் இன்னொன்று அழுந்திவிடும். 2010-இல் டெக்சாஸின் பிளேனோ நகரில் ஒருவர் இப்படிச் செத்துப்போனார். டார்ச்சைப் போடத்தான் நினைத்தேன் என்றார் சுட்ட போலீஸ்காரர். ரைஃபிளில் ஸ்விட்சைத் தாங்குகிற கைக்குக் கொடுப்பது இந்த வகையில் பெரிய பாதுகாப்பு: விசை ஒரு கையில், வெளிச்சம் இன்னொரு கையில்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கு. துப்பாக்கியில் மாட்டிய டார்ச் எதைக் காட்டுகிறதோ, குழலும் அதை நோக்கித்தான் இருக்கும். ராத்திரியில் சத்தம் கேட்டு எழுந்து, "யார் அங்கே?" என்று இந்த டார்ச்சால் தேடினால், தண்ணீர் குடிக்க வந்த பிள்ளை மேலும் குழல் திரும்பியிருக்கும். அதனால் தேடுவதற்குக் கையில் தனியாக ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். எங்கே மாட்டுவது என்று தேடப்போன எனக்கு, எதை மாட்டக்கூடாது என்பதும் சேர்ந்தே கிடைத்தது: தேடும் வேலையை.